வெள்ளை ஈ: ஐசேரியா பூஞ்சைக்குள் மரபணு அடக்கும் ஆர்என்ஏ வைத்தால் எங்கே சறுக்கும்?

#1 பசுங்குடில்

வணக்கம். பெங்களூருக்கு அருகே தொட்டபள்ளாபுரா பக்கத்து பாலிஹவுஸ் (பிளாஸ்டிக் கூரைப் பசுங்குடில்) குடைமிளகாயில் வரும் வெள்ளை ஈதான் (பெமிசியா டபாசி) என் ஆய்வின் இலக்கு. பூச்சிகளைத் தாக்கும் ஐசேரியா ஃபியூமோசோரோசியா பூஞ்சையின் மரபணுத் தொகுதிக்குள் ஒரு கொண்டை ஊசிக் கட்டமைப்பை (தலைகீழாகத் திரும்பிய இரு பிரதிகள், அதிலிருந்து வரும் ஆர்என்ஏ தானே மடிந்து இரட்டை இழையாகும்) செருகி, வெள்ளை ஈயின் நோயெதிர்ப்பு மரபணு ஒன்றை அடக்கும் இரட்டை இழை ஆர்என்ஏவை அந்தப் பூஞ்சையே உண்டாக்கும்படி செய்யத் திட்டம். முழுக்க ஆய்வக வேலை, வெளியே எதுவும் போகாது.

கேட்க வேண்டியவை மூன்று. ஆர்என்ஏவை நேராகத் தெளிக்காமல் பூஞ்சை வழியாகப் போவதற்கு உண்மையான தேவை இருக்கிறதா? கட்டமைப்பிலும் மாற்றத்திலும் பொதுவாக எங்கே அடி விழுகிறது? வெள்ளை ஈ செத்தால் அது பூஞ்சையால் செத்ததா, மரபணு அடங்கியதால் செத்ததா என்று எப்படிப் பிரித்துக் காட்டுவது?

#2 இழை21

தம்பி, முதல் கேள்விக்கு வெள்ளை ஈயின் வாயே பதில். அது இலையைக் கடிப்பதில்லை. ஊசி வாயை இறக்கி, சாறு ஓடும் குழாயைத் தேடிப் பிடித்து உறிஞ்சுகிறது. இலைமேல் தெளித்த ஆர்என்ஏ இலைமேலேயே கிடந்து வெயிலில் சிதையும், பூச்சியின் வயிற்றுக்குப் போகவே போகாது. கொஞ்சம் போனாலும் உமிழ்நீரிலும் குடலிலும் இருக்கிற, ஆர்என்ஏவைச் சிதைக்கும் நியூக்ளியேஸ் நொதிகள் அதை வெட்டிவிடும்.

தெளிப்பு ஆர்என்ஏ வென்ற இடம் எது என்று பாருங்கள். 2023 டிசம்பரில் அமெரிக்காவில் பதிவான கலாந்தா, கொலராடோ உருளைக்கிழங்கு வண்டுக்கானது. அந்த வண்டு இலையை மென்று தின்னும், அதன் குடலும் ஆர்என்ஏவை எளிதில் உள்வாங்கும். இரண்டும் சேர்ந்ததால்தான் அது வேலை செய்கிறது. வண்டினத்தில் நடப்பது அந்துப்பூச்சிப் புழுக்களில் நடப்பதில்லை, சாறு உறிஞ்சிகளில் இனத்துக்கு இனம் மாறும். 'ஆர்என்ஏ தெளித்தால் எல்லாப் பூச்சியும் அடங்கும்' என்று யாராவது சொன்னால், எந்தப் பூச்சி, எந்த வாய் என்று முதலில் கேளுங்கள்.

பூஞ்சைக்கு வாய் தேவையில்லை. ஸ்போர் மேல்தோலில் ஒட்டி, முளைத்து, அழுத்தும் உறுப்பை உண்டாக்கி, புரோட்டியேஸ், கைட்டினேஸ் நொதிகளால் தோலைத் துளைத்து நேராக உடற்குழி இரத்தத்துக்குள் இறங்குகிறது. ஆர்என்ஏ அங்கேயே உருவானால் உமிழ்நீரையும் குடலையும் தாண்டியாகிவிட்டது. இதே ஐசேரியாவில், இதே வெள்ளை ஈயின் டிஎல்ஆர்7 என்ற நோயெதிர்ப்பு மரபணுவுக்கு எதிரான இரட்டை இழையை உண்டாக்கிப் பார்த்த வேலை 2015இல் வந்துவிட்டது. அதனால் 'செய்ய முடியுமா' என்பது இனி கேள்வி இல்லை. 'என்ன அளவுக்கு, எந்தச் சூழலில்' என்பதுதான் உங்கள் ஆய்வேடு பதில் சொல்ல வேண்டிய இடம்.

#3 ஸ்போர்_கணக்கு

மரபணுவுக்குப் போகுமுன் வண்டி ஓடுகிறதா என்று பாருங்கள். பூஞ்சைதான் வண்டி, ஆர்என்ஏ அதில் ஏறிய சுமை. வண்டி வழியில் நின்றுவிட்டால் சுமை எவ்வளவு உயர்ந்தது என்பதில் ஒன்றும் இல்லை.

ஒரு கணக்கு. இங்கே டால்க் பவுடரில் வரும், பூஞ்சையால் ஆன பூச்சிமருந்துகளில் பொதுவாகக் காணும் குறைந்தபட்ச அளவு கிராமுக்கு 10 கோடி உயிர் ஸ்போர். ஹெக்டேருக்கு 2.5 கிலோ போட்டால் 25,000 கோடி. வெட்டுக்கிளிக்காக ஆப்பிரிக்காவில் எண்ணெயில் கலந்து அடித்த மெட்டாரைசியம் அக்ரிடம் என்ற பூஞ்சை மருந்தில் கிராமுக்கு 5,000 கோடி ஸ்போர். ஹெக்டேருக்கு வெறும் 50 கிராம்தான், ஆனால் மொத்தம் 2.5 லட்சம் கோடி, அதாவது பத்து மடங்கு. நம் ஊரில் 'பூஞ்சை வேலை செய்யாது' என்று பேர் வந்ததற்குப் பெரிய காரணம் இந்தப் பத்து மடங்குதான் என்பது என் உறுதியான கருத்து. அந்த ஓட்டையை மரபணு அடைக்காது.

ஆய்வகத்தில் ஒவ்வொரு தொகுதிக்கும் இரண்டு சோதனை கட்டாயம்.

எண்ணிக்கை: ஸ்போரை 0.05 சதவீத ட்வீன் 80 (ஸ்போர் நீரில் கலக்க உதவும் சோப்பு போன்ற பொருள்) கரைசலில் எடுத்து, கண்ணாடி மணி போட்டு 3 நிமிடம் வோர்டெக்ஸ் கருவியில் குலுக்கி, மஸ்லின் துணியில் வடிகட்டி, நியூபவர் சேம்பரில் (கட்டம் போட்ட எண்ணும் கண்ணாடி) நடுவிலுள்ள 25 கட்டங்களையும் எண்ணுங்கள். வந்த எண்ணை 10,000ஆல் பெருக்கினால் மில்லிலிட்டருக்கு எத்தனை என்று வரும். கட்டிக் கட்டியாகத் தெரிந்தால் அந்த எண்ணை எழுதாதீர்கள், மறுபடி குலுக்குங்கள்.

முளைப்பு: மில்லிலிட்டருக்கு 10 லட்சமாக நீர்த்து, 100 மைக்ரோலிட்டரை அகார் தட்டில் பரப்பி, 25 டிகிரியில் 18 முதல் 20 மணி நேரம் வைத்து, 300 ஸ்போர் எண்ணுங்கள். முளைக்குழாய் ஸ்போரின் அகலத்தைத் தாண்டியிருந்தால்தான் முளைத்ததாகக் கணக்கு. 85 சதவீதத்துக்குக் கீழே போன தொகுதியை பயோஅஸேக்கு (பூச்சியில் வீரியம் பார்க்கும் சோதனை) பயன்படுத்தாதீர்கள்.

இன்னொன்று: நன்றாகக் காய்ந்த ஸ்போரைக் குளிர்ந்த தண்ணீரில் ஒரேயடியாகக் கொட்டினால் நீர் வேகமாக உள்ளே பாய்ந்து சவ்வு கிழிந்து பாதிக்கு மேல் செத்துவிடலாம். முதலில் ஈரக்காற்று நிறைந்த மூடிய டப்பாவில் சில மணி நேரம் வைத்து, பிறகு சற்றே வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கவும். 'புது ஸ்ட்ரெயின் (பூஞ்சை வகை) வீரியம் குறைந்துவிட்டது' என்று முடிவு கட்டுமுன் இதைச் சரிபாருங்கள்.

#4 பசுங்குடில்

மிக்க நன்றி சார். முளைப்பை மாதம் ஒருமுறைதான் பார்ப்பதாக இருந்தேன், இனி தொகுதிக்குத் தொகுதி பார்க்கிறேன். கொண்டை ஊசிக்கு இரு பக்கமும் சுமார் 300 மரபணு எழுத்து எடுக்கிறேன். மரபணு ஏறிய பூஞ்சையை மட்டும் பிழைக்க விடும் தேர்வு மருந்து ஹைக்ரோமைசின். மாற்றத்துக்கு, அதாவது மரபணுவைப் பூஞ்சைக்குள் கடத்த, அக்ரோபாக்டீரியம் ஏஜிஎல்-1 என்ற பாக்டீரியா. இதில் தவறு இருந்தால் சொல்லுங்கள்.

#5 இழை21

ஒவ்வொன்றாக வருகிறேன், இதுதான் நீளும்.

கொண்டை ஊசி. தலைகீழாகத் திரும்பிய இரு பிரதிகளை இடைவெளியே இல்லாமல் ஒட்டினால் கட்டமைப்பைப் பெருக்கும் சாதாரண ஈ.கோலை பாக்டீரியா அதைத் தாங்காது, மறுசேர்க்கையில் ஒரு கையை வெட்டி எறிந்துவிடும். நடுவில் 100 முதல் 200 எழுத்து வரை ஒரு பூஞ்சை இன்ட்ரானை (ஆர்என்ஏவிலிருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) வையுங்கள். மறுசேர்க்கைத் திறன் குறைக்கப்பட்ட செல்களில், 37 டிகிரிக்குப் பதில் 30 டிகிரியில் வளருங்கள். முழு கொண்டை ஊசியையும் ஒரே பிசிஆரில் பெருக்க முயன்று பட்டை வரவில்லை என்று கலங்க வேண்டாம், அது தானே மடிந்துகொள்ளும். நொதியால் வெட்டி அளவு பாருங்கள். வரிசை பார்க்க இரு முனைகளிலிருந்தும் ஒவ்வொரு கையாகப் படியுங்கள்.

பகுதித் தேர்வு. 300 நல்ல நீளம். அதை 21 எழுத்துத் துண்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தேனீ, பட்டுப்புழு, குடைமிளகாய், மனிதன் ஆகிய மரபணுத் தொகுதிகளோடு ஒப்பிடுங்கள். 19 எழுத்துக்கு மேல் தொடர்ந்து பொருந்தும் துண்டு ஒன்று வந்தாலும் பகுதியை நகர்த்துங்கள். வெள்ளை ஈயைத் தின்னும் என்கார்சியா ஒட்டுண்ணிக் குளவியையும் பொறிவண்டையும் மறக்க வேண்டாம்.

தேர்வு மருந்து. பூச்சிப் பூஞ்சைகளில் பல ஹைக்ரோமைசினை நன்றாகத் தாங்கும். பெவேரியா அதற்குப் பேர்போனது. மாற்றம் செய்யுமுன் உங்கள் ஐசேரியாவை 0, 50, 100, 200, 400 மைக்ரோகிராம் என்று படியாக ஏற்றிக் கொல்லும் அளவைக் கண்டுபிடியுங்கள். பார் மரபணுவும் (குளுஃபோசினேட்டைத் தாங்க வைப்பது) குளுஃபோசினேட்டும் நம்பகமானவை, பெவேரியாவில் மில்லிலிட்டருக்கு 200 மைக்ரோகிராம் வழக்கமான அளவு. ஆனால் பெப்டோன், ஈஸ்ட் சாறு உள்ள தட்டில் குளுஃபோசினேட் போட்டால் அது வேலை செய்யாது. அந்த மருந்து அடைப்பது குளூட்டமின் தயாரிப்பை. தட்டிலேயே குளூட்டமின் கிடந்தால் பூஞ்சைக்குக் கவலையே இல்லை. செப்பெக்-டாக்ஸ் போன்ற எளிய ஊடகம்தான் போட வேண்டும். தட்டு முழுக்க வெள்ளையாக வளர்ந்து 'எல்லாமே மாற்றம் அடைந்துவிட்டது' என்று தோன்றினால், பெரும்பாலும் இதுதான் நடந்திருக்கும்.

மாற்றம். ஏஜிஎல்-1ஐ இரவு முழுக்க 28 டிகிரியில் வளர்த்து, தூண்டு ஊடகத்தில் ஓ.டி. (கலங்கல் அளவு) 0.15க்கு நீர்த்து, மரபணு கடத்தலைத் தூண்டும் அசிட்டோசிரிங்கோன் 200 மைக்ரோமோலார் சேர்த்து 0.5 முதல் 0.8 வரும்வரை ஆறு மணி நேரம் போல வளருங்கள். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் ஸ்போருடன் சம அளவில் கலந்து, சவ்வின் மேல் பரப்பி, 22 முதல் 26 டிகிரிக்குள் 48 மணி நேரம். ஊடகத்தின் பிஎச் (அமிலத்தன்மை அளவு) 5.3 அருகில் இருக்க வேண்டும். பெங்களூர்தானே, குளுகுளுவென்று இருக்கும் என்று இன்குபேட்டர் இல்லாமல் மேசையில் வைக்காதீர்கள். ஏப்ரல் மதியத்தில் அறை 30ஐத் தாண்டினால் அக்ரோபாக்டீரியத்தின் மரபணு கடத்தும் அமைப்பு படுத்துவிடும், தட்டில் ஒன்றும் வராது. பிறகு குளுஃபோசினேட், அக்ரோபாக்டீரியத்தைக் கொல்ல 300 முதல் 400 மைக்ரோகிராம் செஃபோடாக்சிம் உள்ள தட்டுக்கு மாற்றுங்கள்.

வந்த கூட்டங்களை ஒற்றை ஸ்போரிலிருந்து பிரித்தெடுத்து, மருந்தில்லாத தட்டில் ஐந்து முறை கடத்தி, மறுபடி மருந்துத் தட்டில் வளர்கிறதா பாருங்கள். பிறகு சதர்ன் ப்ளாட் என்ற டிஎன்ஏ சோதனையில் கட்டமைப்பு எத்தனை பிரதி ஏறியிருக்கிறது என்று பார்க்கலாம். ஒரு பிரதி மட்டும் உள்ள மூன்று தனித்தனி ஸ்ட்ரெயின்களாவது வேண்டும். ஒரே ஒரு ஸ்ட்ரெயினை வைத்து முடிவு சொன்னால், கட்டமைப்பு எங்கே போய் உட்கார்ந்தது என்பதால் வந்த விளைவா என்ற கேள்விக்குப் பதில் இருக்காது.

இனி பலர் தவறவிடுவது. பூஞ்சைக்கும் டைசர் என்ற, இரட்டை இழையை நறுக்கும் நொதி உண்டு. நீங்கள் உண்டாக்கிய நீண்ட இரட்டை இழையைப் பூஞ்சையே 21 எழுத்துத் துண்டுகளாக நறுக்கிவிடும். பூச்சி செல்கள் 60 எழுத்துக்கு மேற்பட்ட நீண்ட இழையைத்தான் நன்றாக உள்வாங்கும், குட்டித் துண்டுகளை அவ்வளவாக எடுக்காது. அதற்காக எல்லாம் வீண் என்றும் சொல்ல மாட்டேன். பெவேரியா தன் சொந்தக் குட்டி ஆர்என்ஏ ஒன்றை கொசுவின் செல்லுக்குள் அனுப்பி, ஸ்பேட்ஸில்4 மரபணுவை அடக்கி, எதிர்ப்பைத் தளர்த்துவதை 2019இல் காட்டியிருக்கிறார்கள். நாம் புதிதாகப் புகுத்தும் இந்த உத்தியைப் பூஞ்சை முன்னமே கையாண்டுகொண்டிருக்கிறது. ஆனால் உங்கள் கட்டமைப்பில் எது போய்ச் சேருகிறது, நீளமா துண்டா என்பது தெரிய வேண்டும். குட்டி ஆர்என்ஏ வரிசை வாசிப்பு ஒன்றையாவது திட்டத்தில் சேருங்கள். வசதி இருந்தால் டைசர் நீக்கிய ஸ்ட்ரெயினிலும் அதே கட்டமைப்பைப் போட்டு ஒப்பிடுங்கள்.

புரமோட்டரில் (மரபணுவை இயக்கும் சுவிட்ச்) ஜிபிடிஏ எல்லா நேரமும் ஓடும், வேலையும் எளிது. பூச்சி இரத்தத்தைத் தொட்டால் மட்டும் விழிக்கும் எம்சிஎல்1 என் முதல் தேர்வு. தட்டில் வளரும்போது ஆர்என்ஏ உண்டாக்கிப் பூஞ்சை களைக்காது.

#6 மல்பெரி_சிட்லகட்டா

எல்லாம் படித்தேன். ஒரு முக்கியமான விஷயம் ஓரமாகப் போகிறது.

தொட்டபள்ளாபுராவிலிருந்து சிக்கபள்ளாபுரா, சிட்லகட்டா என்று போனால் வழியெல்லாம் மல்பெரித் தோட்டம், வீட்டுக்கு வீடு பட்டுப்புழு மனை. இங்கே கன்னடத்தில் 'சுண்ணகட்டு ரோகா' என்கிறார்கள். புழு செத்து, சுண்ணாம்புக் கட்டி போல வெளுத்து விறைத்துக் கிடக்கும். அதை உண்டாக்குவது பெவேரியாதான். 1835இல் இத்தாலியில் அகொஸ்டினோ பாஸ்ஸி இந்தப் பூஞ்சையைக் கண்டதே பட்டுப்புழுவில்தான். மெட்டாரைசியம் வந்தால் புழு பச்சையாகும். ஐசேரியாவும் அந்துப்பூச்சி இனப் புழுக்களைத் தாக்கும் பூஞ்சைதான்.

'எங்கள் ஆர்என்ஏ வெள்ளை ஈக்கு மட்டும் பொருந்தும், பட்டுப்புழுவோடு 19 எழுத்துகூட ஒத்துப்போகாது' என்பதை ஏற்கிறேன். ஆனால் பட்டுப்புழுவைக் கொல்வது ஆர்என்ஏ இல்லை, பூஞ்சை. புழு மனையில் 24 முதல் 28 டிகிரி, 70 முதல் 85 சதவீத ஈரப்பதம். பூஞ்சைக்கு அதைவிடச் சொகுசான இடம் ஏது? ஒரு தட்டில் ஒரு புழு செத்து வெளுத்தால், அதன் மேல் உதிரும் ஸ்போர் அடுத்த நாலைந்து நாளில் மனை முழுக்கப் போகும். இலை பறிக்கும் கூடை, கைகால், காற்று, எல்லாமே வழிதான்.

ஆய்வகத்தில் இருந்தாலும் இரண்டு வேண்டுகோள். பூஞ்சை வேலை செய்த உடையோடு யாரும் புழு மனைக்குப் போகக் கூடாது. நீங்கள் உருவாக்கும் ஒவ்வொரு ஸ்ட்ரெயினையும் பட்டுப்புழுவில் சோதித்து, தாய் ஸ்ட்ரெயினோடு ஒப்பிட்ட எண்ணை ஆய்வேட்டில் போடுங்கள். 'இலக்கு அல்லாத பூச்சிகள்' என்ற தலைப்பில் தேனீயை மட்டும் வைத்து முடிப்பது கர்நாடகத்துக்குப் போதாது.

#7 விதி1989

மேலே சொன்னதோடு சேர்க்க வேண்டியது. பாலிஹவுஸ் என்பது அடைப்பு அல்ல. 40 மெஷ் வலை வெள்ளை ஈயைத் தடுப்பதே சிரமம், 2-3 மைக்ரான் ஸ்போரை எப்படித் தடுக்கும்? 'கன்டெயின்டு டிரையல்' என்று திட்டத்தில் எழுதி, பாலிஹவுஸைக் காட்டினால் நிறுவனக் குழுவே திருப்பி அனுப்ப வேண்டும்.

வரிசை இது. 1986 சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வந்த 1989 விதிகள் மரபணு மாற்றிய நுண்ணுயிர் அனைத்துக்கும் பொருந்தும். முதலில் உங்கள் நிறுவன உயிரிப் பாதுகாப்புக் குழு, அடுத்து உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஆர்சிஜிஎம் (மரபணு மாற்ற ஆய்வுக் குழு), சூழலில் வெளியிடுவது என்ற பேச்சு வந்தால் சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் ஜிஇஏசி (மரபணுப் பொறியியல் மதிப்பீட்டுக் குழு). விற்பனைக்கான பதிவு 1968 பூச்சிமருந்துச் சட்டத்தில் தனி. மாற்றாத பூஞ்சைக்கு வாங்கிய பதிவு மாற்றிய பூஞ்சைக்குச் செல்லாது.

செடியிலிருந்து இது வேறுபடும் இடத்தையும் மனதில் வையுங்கள். பருத்தியைப் பிடுங்கி எரித்துவிடலாம். பூஞ்சையை மண்ணிலிருந்து திரும்ப எடுக்க முடியாது. அமெரிக்காவில் மேரிலாந்து முட்டைக்கோஸ் வயலில் ஒளிரும் புரதம் ஏற்றிய மெட்டாரைசியத்தைப் பின்தொடர்ந்தார்கள். வெறும் மண்ணில் கிராமுக்கு 1 லட்சத்திலிருந்து சில மாதங்களில் 1,000 ஆகக் குறைந்தது. வேரை ஒட்டிய மண்ணில் ஆறு மாதம் கழித்தும் 1 லட்சம் அப்படியே இருந்தது. வேரோரத்தில் எண்ணிப் பார்க்காமல் 'மண்ணில் மறைந்துவிட்டது' என்று எழுத முடியாது.

கழிவு: தட்டு, திரவம் எல்லாம் 121 டிகிரியில் 30 நிமிடம். தொட்டி மண் என்றால் ஒரு மணி நேரம், நடுவில் வெப்பம் ஏற நேரமாகும்.

#8 ஸ்போர்_கணக்கு

ஒரு மாற்றுக் கருத்து. வேகமாகக் கொல்வதுதான் நோக்கம் என்றால் ஆர்என்ஏவைவிட நச்சுப் புரதம் நேரானது. 2007இல் தேள் நச்சை மெட்டாரைசியத்தில் வைத்தபோது புகையிலைப் புழுவில் வீரியம் 22 மடங்கும் ஏடிஸ் கொசுவில் 9 மடங்கும் ஏறியது. 2019இல் புர்கினா ஃபாசோவில் வலைக்கூண்டுக்குள் சிலந்தி நச்சு வைத்த பூஞ்சையை நல்லெண்ணெயில் கலந்து கறுப்புத் துணியில் தடவித் தொங்கவிட்டார்கள். 45 நாளில், அதாவது இரண்டு தலைமுறையில், பூஞ்சை இல்லாத கூண்டில் 1,396 கொசு, மாற்றாத பூஞ்சையில் 455, மாற்றிய பூஞ்சையில் 13. ஆர்என்ஏ ஏற்றிய பூஞ்சைக்கு இப்படி ஓர் எண் எங்கே?

#9 இழை21

நியாயமான கேள்வி. வேகத்தில் நச்சுதான் முன்னால் நிற்கிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கூண்டுக்குள் கொசு மட்டும்தான் இருந்தது. குடைமிளகாய் பாலிஹவுஸில் ஒட்டுண்ணிக் குளவி உண்டு, நாலு கிலோமீட்டரில் பட்டுப்புழு உண்டு. பூச்சி நரம்பைத் தாக்கும் நச்சு பூஞ்சை எந்தப் பூச்சிக்குள் போனாலும் வேலை செய்யும். வரிசையைக் குறிவைக்கும் ஆர்என்ஏ அப்படிச் செய்யாது. மல்பெரி அக்கா சொன்ன ஆபத்தை நச்சு கூட்டும், ஆர்என்ஏ குறைந்தபட்சம் கூட்டாது. இந்த இடத்துக்கு நான் ஆர்என்ஏவையே தேர்வேன்.

எதிர்ப்பாற்றல் பற்றியும் ஒன்று. கொலராடோ வண்டை ஆய்வகத்தில் ஒன்பது முறை ஆர்என்ஏவால் தேர்ந்தெடுத்ததில் 11,100 மடங்குக்கு மேல் எதிர்ப்பு வந்தது. அப்படி எதிர்ப்பு பெற்ற வண்டு வேறு மரபணுவுக்கான ஆர்என்ஏவுக்கும் அடங்கவில்லை. 'இலக்கு மரபணுவை மாற்றிக்கொண்டே போகலாம்' என்பது அதனால் நடக்காது. பூஞ்சையில் ஒரு வசதி, ஆர்என்ஏ தோற்றாலும் பூஞ்சை தன் வேலையைச் செய்யும். பழைய வேகத்துக்குத் திரும்பும், அவ்வளவுதான்.

#10 பசுங்குடில்

மூன்றாவது கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை. பூஞ்சையால் வந்த சாவையும் மரபணு அடங்கியதால் வந்த சாவையும் எப்படிப் பிரிப்பது?

#11 இழை21

நான்கு ஸ்ட்ரெயின் வேண்டும்: தாய், கொண்டை ஊசி இல்லாத வெற்று வெக்டர், வெள்ளை ஈயிடம் இல்லாத ஜிஎஃப்பி (ஒளிரும் புரதம்) மரபணுவுக்கான கொண்டை ஊசி, உங்கள் இலக்குக்கான கொண்டை ஊசி. உண்மையான ஒப்பீடு கடைசி இரண்டுக்கும் இடையில்தான். தாயோடு மட்டும் ஒப்பிட்டால், இரட்டை இழை ஆர்என்ஏ எதுவாக இருந்தாலும் பூச்சியில் கிளப்பும் பொதுவான எதிர்வினையை உங்கள் மரபணுவின் விளைவு என்று எழுதிவிடுவீர்கள்.

க்யூபிசிஆரில் (ஆர்என்ஏ அளவை அளக்கும் சோதனை) இலக்கு மரபணு குறைந்ததா பார்க்கும்போது, அதைப் பிடிக்கும் குட்டி டிஎன்ஏவான பிரைமரை அந்த 300 எழுத்துப் பகுதிக்கு வெளியே வையுங்கள். உள்ளே வைத்தால் பூஞ்சை உண்டாக்கிய ஆர்என்ஏவையே பிரைமர் பிடித்து, மரபணு அடங்கவில்லை, ஏறியிருக்கிறது என்று காட்டும். மாதிரியை 48, 72 மணி நேரத்தில், பூச்சி உயிரோடு இருக்கும்போதே எடுங்கள். சாகும் பூச்சியில் எல்லா மரபணுவும்தான் குறையும். ஒப்பீட்டு மரபணு குறைந்தது இரண்டு வேண்டும், நோய் தாக்கியபோது அவை நிலையாக இருக்கின்றனவா என்றும் முதலில் சோதிக்க வேண்டும்.

#12 ஸ்போர்_கணக்கு

பயோஅஸே: இரண்டாம் நிலைக் குஞ்சு, இலையின் அடிப்பக்கம், மில்லிலிட்டருக்கு 1 லட்சத்திலிருந்து 10 கோடி வரை பத்துப் பத்து மடங்காக நாலு அளவு, ஒவ்வொன்றுக்கும் மூன்று ரெப்ளிகேட், எல்லாவற்றையும் வேறு நாளில் ஒருமுறை திரும்பச் செய்ய வேண்டும். கன்ட்ரோலில் ட்வீன் கரைசல் மட்டும். அதில் 20 சதவீதத்துக்கு மேல் செத்தால் அந்தச் சோதனையே செல்லாது, அதற்குக் கீழே என்றால், இயல்பான சாவைக் கழிக்கும் அபாட் சூத்திரத்தால் திருத்தலாம். செத்த குஞ்சுகளை ஈரத்தாளில் வைத்து பூஞ்சை வெளியே பூக்கிறதா பாருங்கள். பூக்காத சாவைத் தனிப் பத்தியில் எழுதுங்கள், உங்கள் கேள்விக்குக் கொஞ்சம் பதில் அதிலும் இருக்கிறது. முதல் 24 மணி நேரம் ஈரப்பதம் 90க்கு மேல், பிறகு 70. முழுக்க 95இல் வைத்தால் எந்தப் பூஞ்சையும் வெற்றி வீரன்தான், பாலிஹவுஸில் அந்த எண் வரவே வராது. அங்கே மார்ச் மதியத்தில் 35 தாண்டும், ஐசேரியா நின்றுவிடும். வளர்ச்சி அறையில் பகல் 36, இரவு 20 என்று ஒரு ஓட்டமும் சேர்த்தால் நல்லது.

குடைமிளகாயில் சாம்பல் நோய் வந்தால் விவசாயி கந்தகமும் பூஞ்சைக்கொல்லியும் அடிப்பார். மான்கோசெப் என்ற பூஞ்சைக்கொல்லி உங்கள் ஸ்போரையும் சேர்த்துக் கொல்லும். இங்கே விற்கும் நாலைந்து பூஞ்சைக்கொல்லியை லேபிள் அளவிலும் பாதி அளவிலும் தட்டில் கலந்து முளைப்பு பாருங்கள்.

#13 மல்பெரி_சிட்லகட்டா

பட்டுப்புழு மனையில் சுண்ணகட்டு வராமல் இருக்க கயோலினில் கலந்து தூவுவதும் அதே மான்கோசெப்தான். அந்தத் தட்டுச் சோதனையில் அதைச் சேர்த்தால் எங்களுக்கும் பயன், உங்கள் ஸ்ட்ரெயின் அதற்குத் தாங்கும் தன்மை பெற்றிருக்கிறதா என்று தெரியும். பட்டுப்புழுச் சோதனைக்கு: மூன்றாம் நிலைப் புழு, தோலுரித்த உடனே எடுக்க வேண்டும், அப்போதுதான் தோல் மெல்லியதாக இருக்கும், ஆபத்தும் அதிகம். மல்டிவோல்டைன் (ஆண்டுக்குப் பல தலைமுறை) கலப்பினம், பைவோல்டைன் (ஆண்டுக்கு இரண்டு தலைமுறை) இரண்டையும் வைத்துப் பாருங்கள். புழு கூடு கட்டி முடிக்கும்வரை எண்ணுங்கள், பத்தாம் நாளில் நிறுத்தாதீர்கள். கூட்டுக்குள்ளே சாகும் புழுவும் கணக்கில் வர வேண்டும்.

#14 பசுங்குடில்

தேர்வு மருந்தைக் குளுஃபோசினேட்டுக்கு மாற்றுகிறேன், புரமோட்டர் எம்சிஎல்1, ஜிஎஃப்பி கொண்டை ஊசியை முதல் மாதமே கட்டுகிறேன். பட்டுப்புழுச் சோதனையை நிறுவனக் குழுவுக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலேயே எழுதுகிறேன், தனி அறை, தனி உடை என்று. அக்கா, தாய் ஸ்ட்ரெயினே பட்டுப்புழுவை நிறையக் கொன்றால் அதற்கு மேல் மரபணுவை வைத்து ஒன்றும் செய்யப் போவதில்லை. அதனால் அந்தச் சோதனையைக் கட்டமைப்பு வேலைக்கு முன்பே செய்து, பல ஐசேரியா ஸ்ட்ரெயின்களில் வெள்ளை ஈயை நன்றாகவும் பட்டுப்புழுவைக் குறைவாகவும் தாக்குவதைத் தேர்ந்தெடுத்த பிறகே மாற்றத்துக்குப் போகிறேன்.

#15 மல்பெரி_சிட்லகட்டா

அந்த வரிசைதான் சரி. பத்து ஸ்ட்ரெயினாவது பாருங்கள் தம்பி, பட்டுப்புழு வழியாகக் கடத்திப் பெருக்கிய பூஞ்சையை மறுபடி வளர்த்துப் பயன்படுத்தாதீர்கள். புழுவிலிருந்து எடுத்து எடுத்து வளர்த்தால் அதன் வீரியம் பட்டுப்புழுவின் மேல் கூடிக்கொண்டே போகும்.